பொட்டு வைத்த கண்ணாடி

எங்கள் சமையலறை அலமாரியைச் செய்த சுங்கை சிப்புட் ஊர்த் தச்சர், மரத்தில் பள்ளம் குடையும் ரூட்டரில் அலகு மாற்றும்போதெல்லாம் பிளக்கைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொள்வார். அத்தனை கவனம். ஆனால் பாதுகாப்புக் கண்ணாடி ஆணியில் தொங்கியது. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதன் இரு வில்லைகளிலும் காய்ந்திருந்தன.

“போட்டுக்கலையாண்ணே?”

“சாமிக்கு வெச்சது லா. அழிச்சா பாவம்.”

சற்று நேரத்தில் தெறித்த மரச்சில்லு அவர் இடது கண்ணுக்குக் கீழே கீறியது. அன்றே புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் அதன் இடது வில்லை முழுக்கப் பொட்டு.

“புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காம எப்படி? ஒரு கண்ண சாமி பாத்துக்கட்டும். இன்னொன்னுல நான் வேல பாக்குறேன் லா.”

அலமாரி வந்ததும் கதவுகளை அளந்தேன். ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. எந்தக் கண்ணைப் பாராட்டுவது என்று இன்னும் தெரியவில்லை.