முதல்வர் கார் நிற்கும் இடத்தில் கூட்டம்

அந்தச் சமுதாயக் கல்லூரியின் மாணவர் நல அலுவலருக்கு ‘வத்தி’ என்று பெயர் வைத்தது யாரோ தெரியாது. யாராக இருந்தாலும் ஆளைச் சரியாக எடைபோட்டவர். இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருந்தால் அவளுக்குப் பொறுக்காது. நடுவில் ஒரு வத்தி வைத்துவிட்டுத்தான் நகருவாள். ஆனால் வேலையில் கெட்டி. பரீட்சைக்குப் பயந்து அழுகிற பையனையும், வகுப்புக்கு மேல் வகுப்பெடுத்து நொந்துபோன ஆசிரியரையும் பேசியே சிரிக்க வைத்துவிடுவாள்.

கல்லூரியில் யாரும் ஒதுக்கப்படக் கூடாது என்று பார்த்துக்கொள்ள முதல்வர் தலைமையில் ஒரு குழு இருந்தது. அது கூடுகிற இடம் இரண்டாம் மாடி. லிஃப்ட் கிடையாது. மாணவர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினரோ சக்கர நாற்காலியில் வருகிறவள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கணக்கியல் படிக்க வந்த பெண். அடடா, என்ன மூளை! முதல் கூட்டத்துக்கு அவள் வரவில்லை என்று எழுதினார்கள். அடுத்ததற்கும் அப்படியே. மூன்றாவதும் தவறினால் பதவி போய்விடும், விதி அப்படி.

“கூட்டத்தைக் கீழே வைங்க சார்” என்று வத்தி முதல்வரிடம் கேட்டாள்.

“கீழே ரூம் எதுவும் காலியில்லையேம்மா. அந்தப் பொண்ணுக்கு நானே அப்புறமா எல்லாத்தையும் சொல்லிடறேன்.”

நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்களோடு மல்லுக்கட்டுவதுதான் பெரும்பாடு.

“விடுங்கக்கா, வேற யாரையாவது போட்டுக்கட்டும்” என்றாள் மாணவி.

“ஓட்டு வாங்கி ஜெயிச்சவ நீ. பேசாம நாளைக்குக் கூட்டத்துக்கு வந்து சேரு.”

மறுநாள் முதல்வரின் கார் வெளியே போனதுதான் தாமதம், வத்தி நூலகரையும் காவலாளியையும் பிடித்துக்கொண்டாள். மாடியிலிருந்து மேசை இறங்கியது, நாற்காலிகள் இறங்கின. முதல்வர் கார் நிறுத்துகிற, கூரை போட்ட இடத்தில், ‘முதல்வருக்கு மட்டும்’ என்ற பலகைக்குக் கீழே எல்லாவற்றையும் பரப்பினாள்.

“என் வேலைக்கு வேட்டு வெச்சுடாதீங்க மேடம்” என்று காவலாளி புலம்பினார்.

“கேட்டா என்னைக் கைகாட்டிடுங்க.”

திரும்பி வந்த முதல்வர் ஹாரன் அடித்தார். கூடியிருந்த உறுப்பினர்கள் ஒருத்தரும் அசையவில்லை.

“என்னம்மா இதெல்லாம்?”

“குழுக் கூட்டம் சார். உங்களுக்காகத்தான் காத்திருக்கோம். காரை வெயில்ல விட்டுட்டு வாங்க.”

திட்ட வாயெடுத்தவர், மேசை முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த மாணவியைப் பார்த்தார். காரை ஓரங்கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். வத்திக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“பயப்படாதே, சாரை ஒரு பிடி பிடிம்மா!” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

“எனக்கு நல அலுவலர் ரூமைப் பத்தித்தான் பேசணும் சார்” என்றாள் மாணவி.

வத்தியின் சிரிப்பு பாதியில் நின்றது.

“அந்த வாசல் குறுகல். என் நாற்காலி நுழையாது. அக்கா வெளியே வந்துதான் பேசுவாங்க. பாசமாத்தான் பேசுவாங்க. ஆனா வராண்டாவுல போற வர்றவங்க எல்லாருக்கும் கேக்கும். போன வருஷம் என் வீட்டுக்காரர் எங்களை விட்டுட்டுப் போனப்ப, அந்த வாசல் வரைக்கும் வந்தேன். ‘என்னம்மா, எப்படியிருக்கே?’ன்னு அக்கா சத்தமா கேட்டாங்க. நல்லாருக்கேன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்.”

வத்திக்குச் சுருக்கென்று தைத்தது. மானம் போன மாதிரி இருந்தது, அழுகையும் வந்தது.

“அதுக்கென்னம்மா, மேடம் வேணும்னேவா செஞ்சாங்க…” என்று முதல்வர் இழுத்தார்.

“சப்பைக்கட்டு கட்டாதீங்க சார். என் ரூம் வாசலை இடிச்சுப் பெருசாக்கணும்னு எழுதிக்கச் சொல்லுங்க” என்று எழுந்தாள் வத்தி.

மாணவியின் சக்கர நாற்காலியை மெல்லத் தள்ளிக்கொண்டு, கூரையின் மறுகோடிக்குப் போனாள். பக்கத்தில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னவோ கேட்டாள். மாணவி வெகுநேரம் பேசினாள். காவலாளி காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தார். ஒரு வார்த்தைகூட அவருக்குக் கேட்கவில்லை.