பொத்தானை விடாத கை

எனக்குச் சர்க்கரை வியாதி என்று எட்டு மாதம் எல்லோரையும் நம்ப வைத்திருந்தேன். தூத்துக்குடித் துறைமுகத்தில் கண்டெய்னர் கிரேன் ஓட்டுகிறவன் நான். தூக்கம் போய், சோறு இறங்காமல், காரணமே இல்லாமல் அழுகை முட்டிக்கொண்டு வந்த காலம் அது. ஏன் இப்படி மெலிந்துவிட்டாய் என்று கேட்டவர்களிடம் சுகர் என்றேன். எங்கள் பக்கம் ஆம்பிளைக்கு அது மரியாதையான நோய். என் மனைவி தினமும் பாகற்காய்ச் சாறு பிழிந்து தந்தாள், அதையும் வீம்புக்குக் குடித்தேன். உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்று பேர் வைத்து, கிரேனை விட்டு ஒரேயடியாக இறக்கிவிடுவார்கள் என்று பயம்.

ஒருநாள் காலை ஷிப்டில், பெட்டி ஒன்றை லாரியில் இறக்கியதும் கை நடுங்க ஆரம்பித்தது. கிரேனை நிறுத்தினேன். இவ்வளவு உயரத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்று வாய்விட்டு அழுதேன். என்னால் முடியவில்லை, பயமாக இருக்கிறது என்று என்னென்னவோ புலம்பினேன். அப்போது கையில் அகப்பட்டதை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். அது வாக்கிடாக்கி. பேசுகிற பொத்தானை அமுக்கிக்கொண்டு அழுதால் கீழே நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும் என்பது, பத்தொன்பது வருஷம் கிரேன் ஓட்டியவனுக்கு மறந்துபோயிற்று.

கையை எடுத்த பிறகுதான் உறைத்தது. அத்தனை பெட்டிகள் ஏற்றியது போதாதென்று என் மானமும் கப்பலேறிவிட்டது.

கீழே நின்று எனக்குச் சிக்னல் சொல்பவரின் குரல் வந்தது. என்னைவிட இளையவர், ஆனால் முரடர். எங்களுக்குள் சண்டை இல்லாத நாளே கிடையாது. அவர் எல்லோரும் கேட்கும்படியே பேசினார்.

"அண்ணாச்சி, நானும் ரெண்டு வருசமா மனசுக்குத்தான் மாத்திர திங்கேன். அங்கனயே இருங்க, மேல வாரேன்."

அந்தப் பெரிய தொந்தியோடு ஏணியேறி வந்து, மூச்சு வாங்க என் பக்கத்தில் உட்கார்ந்தார். தோளில் கை போட்டார். தள்ளிவிடத்தான் முதலில் தோன்றியது. பிறகு சாய்ந்துகொண்டேன். எட்டு மாதத்தில் முதல்முறையாக நெஞ்சு லேசானது.

அன்றைக்கே தன் டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போனார். வீட்டிலும் சொன்னேன். பாகற்காய்க்காக மனைவி முதலில் திட்டினாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். மாத்திரையும் டாக்டரோடு பேச்சுமாக நான்கு மாதம் போயிற்று. அதுவரை கீழே ஆபீசில் எனக்கு எழுத்து வேலை. கிரேன் திரும்பக் கிடைக்குமா என்ற கவலை மட்டும் விடவில்லை.

கிடைத்தது. டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்த மறுவாரம் ஏறினேன். கப்பலிலிருந்து முதல் பெட்டியை எடுத்து, லாரியில் இம்மி பிசகாமல் உட்கார வைத்தேன். கை நடுங்கவில்லை. வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் எனக்காக ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். அங்கே அப்படி அடிக்கக் கூடாது. சூப்பர்வைசர் வெளியே வந்து பார்த்துவிட்டு, அப்படியே உள்ளே போனார். எனக்குக் கண்ணீர் கொட்டியது. கீழே இருந்து பார்ப்பார்களே என்றுகூடத் தோன்றவில்லை. துடைக்காமலேயே அடுத்த பெட்டிக்குத் திரும்பினேன்.