தாடையைக் கம்பியால் கட்டியிருந்த நாட்கள்

கையில் இறால் கவிச்சி, வாய் நிறைய ரத்தம். இரண்டும் கலந்து மூக்கில் ஏறிய அந்த நாற்றம்... இத்தனை வருஷம் கழித்தும் மறக்கவில்லை.

எனக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஏரிக்கு நடுவில் தீவாக இருக்கும் பசியாவரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். காலையில் படகேறிப் பழவேற்காடு வந்து, கரையில் விட்டிருக்கும் சைக்கிளை எடுத்துக்கொண்டு, பாலத்தைத் தாண்டி இறால் ஷெட்டுக்குப் போவேன். பெரிசு சிறிசு பார்த்துப் பிரித்துப் போடுகிற வேலை.

அன்றைக்கு வேலை முடிந்து திரும்பும்போது, பாலத்து இறக்கத்தில் பிரேக் ஒயர் அறுந்துவிட்டது.

காலைத் தரையில் தேய்த்துப் பார்த்தேன். செருப்புதான் போனது. கீழே ஓரமாக நட்டிருந்த கல்லில் முன்சக்கரம் மோதியது தெரியும். ஹேண்டில்பார் தாடையில் அடித்தது தெரியும். எழுந்து உட்கார்ந்து பல்லைக் கடித்துப் பார்த்தேன்... மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரவில்லை.

அழுகை அப்போதுதான் வந்தது.

தாடை எலும்பு உடைந்துவிட்டது என்றார்கள் பட்டணத்து ஆஸ்பத்திரியில். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்து மெல்லிய கம்பியால் கட்டிவிட்டார்கள். எலும்பு கூடும்வரை வாயைத் திறக்க முடியாது. கஞ்சித் தண்ணீர், அதுவும் ஸ்ட்ராவில். பேச்சே கிடையாது.

கிளம்பும்போது டாக்டரம்மா என் வீட்டுக்காரர் ஏழுமலையிடம் சின்னதாக ஒரு கட்டிங் பிளேயரைக் கொடுத்தார்.

"வாந்தி வந்தா உடனே குனிய வைங்க. பல் இடுக்கு வழியா வெளிய வந்துடும். மூச்சு அடைச்சா மட்டும் கம்பிய வெட்டுங்க. பயந்துபோய் சும்மா வெட்டிட்டா எலும்பு கோணலா சேர்ந்துடும். மறுபடி முதல்லேர்ந்து கட்டணும்."

அவர் அதை வாங்கி அங்கேயே அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். குளிக்கும்போதுகூட அவிழ்க்கவில்லை.

அதுவரை நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதுகூட இல்லை. சாப்பிட்டாயா, வேலைக்குப் போகிறாயா என்று அவர் கேட்பார், அவ்வளவுதான். இப்போது அவர் கடலுக்குப் போவதையே நிறுத்திவிட்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் கொஞ்சம் இருமினால் போதும், கை இடுப்புக்குப் போய்விடும்.

மாமனார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். ஒருநாள் கத்திவிட்டார்.

"நல்ல மீன் படுற நேரத்துல பொம்பள மாதிரி ஊட்லயே குந்திகினு கீறியே, இன்னாடா இது?"

"அவளுக்கு மூச்சு அடைச்சா வெட்றதுக்கு ஆள் வோணும் நைனா. நீ வெட்டுவியா?"

மாமனார் தனியாக வலையைத் தூக்கிக்கொண்டு போனார்.

டாக்டரம்மா காட்டச் சொன்ன நாள் வந்தது. அன்றைக்கு வாடைக் காற்று. ஏரி முழுக்கச் சின்னச் சின்ன அலை. மாமனார் கழி ஊன்றினார், நாங்கள் நடுவில் உட்கார்ந்தோம். அலைக்குப் பயந்தவள் இல்லை நான். ஆனால் வெறும் வயிற்றில் மாத்திரையைக் கரைத்துக் குடித்திருந்தேன். பாதி ஏரியில் வயிறு புரட்டியது...

வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. பின்கழுத்தைப் பிடித்துப் படகு ஓரத்தில் தலையைக் கவிழ்த்தார். தொண்டைக்கு வந்தது வெளியே போக வழியில்லாமல் வாய்க்குள் முட்டியது. மூக்கில் ஏறி எரிந்தது. காது அடைத்துக்கொண்டது.

"வெட்றா! டேய், வெட்றா!" என்று மாமனார் அலறினார்.

பிளேயர் என் உதட்டில் பட்டது. சில்லென்று இருந்தது. பல்லில் டக் டக்கென்று தட்டியது.

"மூச்சு வர்தா? வந்தா என் கால தட்டு. தட்டும்மே!"

என்னால் கையைத் தூக்க முடியவில்லை.

"வெட்றா!"

"இரு நைனா! ஊறுது பாரு, வெளிய வர்து!"

பல் இடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஒரு நூல் அளவு காற்று உள்ளே போனது. அப்புறம் இன்னும் கொஞ்சம். அவர் முழங்காலைத் தட்டினேன். நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தேன்.

அவர் வெட்டவில்லை.

பிளேயரைப் படகில் போட்டுவிட்டு, ஏரித் தண்ணீரை அள்ளி என் முகத்தைக் கழுவினார். மாமனார் திரும்பி நின்று கழியை ஊன்றிக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

எலும்பு நேராகக் கூடியது. கம்பியை அவிழ்த்த அன்று வாய் ஒரு விரல் அளவுதான் திறந்தது. பேச்சு வரவில்லை, வெறும் காற்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிப் பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர் என்னைப் படகுக்குக் கூட்டிப் போகாமல், டச்சுக்காரர் கல்லறைக்கு எதிரே இருந்த சைக்கிள் கடைக்குக் கூட்டிப் போனார். என் சைக்கிள் அங்கே நின்றது. ஃபோர்க் மாற்றி, முன்சக்கரம் பெண்டு எடுத்து, துடைத்து வைத்திருந்தார்கள்.

"இன்னா பாக்குற? உன்துதான்" என்றார்.

கல்யாணமான பிறகு அவரிடம் நான் வாய்விட்டுக் கேட்ட முதல் கேள்வி அன்றைக்குத்தான்.

"பிரேக்கு... புச்சா போட்டியா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. பிரேக்கை அழுத்தி அழுத்திக் காட்டினார். முன்னது, பின்னது, மறுபடியும் முன்னது.

பாலத்து இறக்கத்தில் மட்டும் ரொம்ப நாள் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன்.

போன மாதம் சொந்தத்தில் ஒரு பையன் பைக்கிலிருந்து விழுந்துவிட்டான். அவனுக்கும் தாடைதான். இப்போதெல்லாம் உள்ளே பிளேட் வைத்துவிடுகிறார்கள், வாயைக் கட்டுவதில்லை. நாங்கள் பார்க்கப் போனபோது வண்டி ரிப்பேருக்கு ஷோரூமில் எவ்வளவு கேட்கிறார்கள் என்று போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி கீழே கேன்டீனில் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தாள். நல்ல காலம்... அந்தப் பெண்ணுக்குக் கம்பியை வெட்டுகிற அந்தப் பயமெல்லாம் தெரிய வேண்டியதில்லை.

எனக்குத்தான் மனசு என்னவோ செய்தது. என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன்.

அவர் பக்கத்துக் கட்டில்காரரிடம் நண்டு விலை பேசிக்கொண்டிருந்தார்.