சைக்கிளைத் தூக்கிவிட்ட கை

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு, பட்டப்பகலில், ஒரு சைக்கிளைத் திருட நான் உதவி செய்தேன்.

சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே செய்தேன். பின்சக்கரத்தைத் தூக்கிவிட்டது நான்தான்.

உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி போகிற ரோட்டில் எங்கள் ஊர்ப் பிரிவு இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குள் ரோடு பிரிகிற இடம். ஒரு பஸ் ஸ்டாப், ஒரு பேக்கரி, ஒரு பஞ்சர் கடை... அவ்வளவுதான். உள்ளே நாலைந்து கிலோமீட்டர் தள்ளித் தோட்டங்களில் குடியிருப்பவர்கள் பிரிவு வரைக்கும் சைக்கிளில் வருவார்கள். பேக்கரிச் சுவரோரம் நிறுத்திப் பூட்டிவிட்டு டவுன் பஸ் பிடிப்பார்கள். சாயங்காலம் இறங்கி எடுத்துக்கொண்டு போவார்கள். முன்பெல்லாம் அந்தப் பக்கம் ஒரு மினி பஸ் ஓடிக்கொண்டிருந்தது. கொரோனா சமயத்தில் நின்றது. கொரோனா போய்விட்டது – மினி பஸ் திரும்பி வரவில்லை.

சைக்கிளைச் சங்கிலி போட்டுக் கட்டலாமென்றால், ரோட்டை அகலப்படுத்தியபோது புளியமரங்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சைக்கிள் இலவசம். அந்தச் சைக்கிளை விட்டுவிட்டு இந்தப் பஸ்ஸில் ஏறுவதற்கு ஒரு ஆறடி இடம்? அதை மட்டும் யாரும் தரக் காணோம்.

அன்றைக்கு டீ குடித்துவிட்டுப் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். குட்டியானை என்கிறோமே, அந்தச் சின்ன லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. இறங்கியவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். அயர்ன் செய்த சட்டை. நெற்றி நிறையத் திருநீறு. பாக்கெட்டில் பேனா. நேராக என்னிடம் வந்தார்.

“ஏனுங் சார், ஒரு கை புடிக்கறீங்களா? பாப்பா சைக்கிள் சாவியத் தொலைச்சுப்போட்டாளுங்க. நேத்துல இருந்து இங்கியே நிக்குது. கொண்டுபோயிப் பூட்டை ஒடைக்கோணும்.”

இவ்வளவு மரியாதையாகக் கேட்கிற மனிதரிடம், “இது உங்க சைக்கிள்தானுங்களா?” என்று எப்படிக் கேட்பது? கேட்டால் அவர் மனசு சங்கடப்படாதா? எங்கள் ஊர்க்காரர்கள் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வோம். எதிரில் நிற்பவர் மனசு சங்கடப்படுவதை மட்டும் பொறுக்க மாட்டோம்.

கேட்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கினேன்.

“பாத்துங் சார்... இடுப்புப் புடிச்சுக்கப் போகுது” என்றார். என் இடுப்பைப் பற்றி என் வீட்டில்கூட யாரும் இவ்வளவு அக்கறையாகப் பேசியதில்லை. தூக்கும்போது சீட்டில் கட்டியிருந்த நீலத் துண்டு அவிழ்ந்து விழுந்தது. எடுத்து, மண்ணைத் தட்டி, மடித்துக் கொடுத்தேன். அதோடு விட்டேனா? “பாப்பா என்ன படிக்குதுங்க?” என்று விசாரித்தேன். பன்னிரண்டாவது என்றார். “நம்பர் லாக் வாங்கிக் குடுங்க. சாவித் தொந்தரவே இருக்காது” என்று ஆலோசனையும் சொன்னேன். ஒரு சைக்கிள் திருடருக்குப் பூட்டைப் பற்றிப் பாடம் எடுத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அதற்குள் என் பஸ் வந்தது. எனக்காகக் கை காட்டி அதை நிறுத்தியவரும் அவர்தான்.

அன்று முழுக்க எனக்கு மனசு நிறைவாக இருந்தது. காலையிலேயே ஒருவருக்கு ஒத்தாசை செய்திருக்கிறோமே!

சாயங்காலம் திரும்பும்போது அதே பஸ்ஸில் மகேஸ்வரியும் வந்தார். மகேஸ்வரி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேண்டாம். சிட்டியில் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் சமையல் வேலை. வீட்டுக்காரர் இல்லை. அந்த ஹாஸ்டல் சம்பளத்தை நம்பித்தான் மகளை நர்சிங் சேர்த்திருக்கிறார். காலை ஆறேகால் பஸ்ஸுக்குப் போகிறவர். நான் ஒன்பதரை மணி ஆசாமி. சாயங்காலம் பஸ்ஸுக்குள் மட்டும்தான் பார்த்துக்கொள்வோம். இறங்கியதும் நான் இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். அவரை எனக்குத் தெரியும். அவருடைய சைக்கிளைத் தெரியாது.

அன்றைக்கு இறங்கிப் பத்தடி நடந்திருப்பேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏனுங்ணா... சைக்கிளைக் காணமுங்க. வெடியால இங்கதான் வெச்சுப்போட்டுப் போனேன். யாராச்சும் அக்கட்டால தள்ளி வெச்சிருப்பாங்களா?”

“என்ன கலருங்க அம்மணி?”

“நம்ம பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்துல குடுத்ததுங்க. சீட்டுல நீலத் துண்டு கட்டியிருப்பேன்.”

காலையில் நான் மண்ணைத் தட்டி மடித்துக் கொடுத்த துண்டு.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். “தப்பு நடந்துபோச்சு அம்மணி, நான்தான் தூக்கிவிட்டேன்” – அவ்வளவுதானே? வாய் வரை வந்தது. அதற்குள் பேக்கரி செந்தில் வெளியே வந்துவிட்டார். “கவலப்படாதீங்க, கேமரா வெச்சிருக்கறமில்ல!” என்றார்.

டிவிக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டோம். செந்தில் காலையிலிருந்து ஓட்டினார். கேமரா கல்லாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டியில் தேங்காய் பன் தெரிந்தது, பப்ஸ் தெரிந்தது. திரையின் இடது ஓரத்தில் மட்டும் சுவர் கொஞ்சம் தெரிந்தது. அங்கே ஒரு பின்சக்கரம் மெல்ல மேலே எழும்பியது. கூடவே, முழங்கை வரைக்கும், ஒரு கை.

“நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்றார் ஒருவர். “ரெண்டு பேரு வந்திருக்கானுங்க. ஒருத்தன் இந்தப் பக்கம் தூக்கறான் பாருங்க!”

எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை. அதே சட்டையோடுதான் நின்றுகொண்டிருந்தேன். ஒன்றுமே நடக்காததுபோலச் சட்டைக் கையை மெதுவாக மடித்துவிட்டுக்கொண்டேன்.

முகம் விழவில்லை என்று தெரிந்தபோது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? பக்கத்தில் ஒரு பெண் அழுதுகொண்டு நிற்கிறார். எனக்கு நிம்மதி! சைக்கிளைத் தூக்கியது தெரியாமல் செய்த தப்பு. இந்த நிம்மதியை என்னவென்று சொல்வது?

ஸ்டேஷனுக்கு நானும் கூடப் போனேன். “பேப்பர்ல எழுதறவருங்க, வந்தா மதிப்பாங்க” என்று செந்தில்தான் அனுப்பிவைத்தார். அங்கே இருந்த போலீஸ்காரரும் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார்.

“பில்லு இருக்குதாம்மா?”

“கவருமெண்டு குடுத்ததுங்க. அதுக்கு ஏதுங்க பில்லு?”

“சைக்கிள்ல நம்பர் அடிச்சிருக்கும். எழுதி வெச்சிருக்கீங்களா?”

இல்லை. யார்தான் எழுதி வைக்கிறோம்?

“அடையாளம் ஏதாச்சும்?”

“நீலத் துண்டுங்க.”

அவர் பேனாவை வைத்துவிட்டார். “எல்லாம் ஒரே மாதிரி சைக்கிள்மா. துண்டை உருவிப்போட்டா எது உங்களுதுன்னு நீங்களே சொல்ல முடியாது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “சார், நீங்களும் அங்கதான பஸ் ஏறுறீங்க? யாரையாச்சும் பாத்தீங்களா?”

இந்த உலகத்திலேயே அந்தத் திருடரை முகத்துக்கு முகம் பார்த்து ஐந்து நிமிஷம் பேசிய ஒரே சாட்சி நான்தான். அவர் மூக்கு எப்படி இருக்கும், குரல் எப்படி இருக்கும், வண்டி என்ன நிறம்... எல்லாம் எனக்கு மனப்பாடம். மகேஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இல்லீங்க” என்றேன்.

பேப்பரில் எழுதுகிறவர், விவரமானவர் என்று ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது. அப்பேர்ப்பட்ட ஆள் ஒரு திருடனுக்குத் துண்டு மடித்துக் கொடுத்தான் என்று எப்படிச் சொல்வது? அந்த வெட்கம்தான். வேறு ஒன்றுமில்லை. சொல்லியிருந்தால் சைக்கிள் கிடைத்திருக்குமா? தெரியாது. ஆனால் தேடுவதற்கு ஒரு முகமாவது இருந்திருக்கும்.

அடுத்த நாளிலிருந்து மகேஸ்வரி நடந்தே பிரிவுக்கு வந்தார். விடிவதற்கு முன்பே கிளம்பினாலும் ஆறேகால் பஸ் சில நாள் கிடைக்கும், சில நாள் கண்ணெதிரே போய்விடும். அதை விட்டால் அடுத்தது ஏழரைக்குத்தான். நான் ஒரு புது சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்றேன். சிரித்துவிட்டார்.

“நீங்க எதுக்குங்ணா வாங்கித் தரோணும்? நீங்களா எடுத்துட்டுப் போனீங்க?”

அது இன்னொரு சந்தர்ப்பம். அதையும் விட்டேன். நானும் சிரித்தேன்!

மூன்றாவது வாரம் ஹாஸ்டலில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். முந்நூறு பிள்ளைகளுக்குக் காலை டிபன் ஆக வேண்டாமா? அவர்களையும் குற்றம் சொல்வதற்கில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சந்தையில் மகேஸ்வரியைப் பார்த்தேன். வீட்டுக்குப் பக்கத்தில் தென்னை நார் மில்லுக்குப் போகிறாராம். பேச ஆரம்பித்ததும் இருமல் வந்தது. “தூசிதாங்ணா, பழகிரும்” என்றார். மகளை விசாரித்தேன். “நின்னுட்டாளுங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம்னுட்டா. இப்ப எங்கூட மில்லுக்குத்தான் வாறா.”

அவரே மேலும் சொன்னார்.

“எடுத்துட்டுப் போனவனுக்கு என்ன கஷ்டமோ என்னமோ, போகுதுங்ணா. அந்தத் தூக்கிவிட்டவன நெனச்சாத்தான் மனசு ஆற மாட்டீங்குது. அவனுக்கு இதுல என்னங்க கெடச்சிருக்கும்?”

கத்திரிக்காய்ப் பையைக் கைமாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றார். நிஜமாகவே என்னிடமிருந்து பதிலை எதிர்பார்த்தார். விவரமானவன் இல்லையா நான்?

“யாருக்குங்க தெரியும்” என்றேன்.

ஒரு சைக்கிள் போனது. அதோடு ஒரு வேலை போனது. ஒரு பெண்ணின் படிப்பு போனது. ஒரே ஒரு கேள்வியை அன்றைக்குக் காலையில் கேட்காததால். அதற்குப் பிறகு ஒரே ஒரு பதிலை நாலு தடவை சொல்லாததால். மரியாதை, கூச்சம் என்று இத்தனை நாள் எதை நினைத்து வைத்திருந்தேனோ, அது வெறும் கோழைத்தனமாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. இந்த வயதுக்கு மேல் இதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது?

உங்களிடம் மட்டும் எப்படி இவ்வளவு தைரியமாகச் சொல்கிறேன் என்கிறீர்களா?

மகேஸ்வரி பத்திரிகை படிப்பதில்லை.