விசில்காரர் மாட்டிய சிவப்பு அட்டை

முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவரைக் கம்பெனியில் எல்லோரும் விசில்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் ஓடும் குழிக்குள் இறங்குமுன் சுவிட்சை அணைத்து, அதில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டுவார்: 'உள்ளே ஆள் இருக்கிறார். தொடாதே.' மேலேயிருந்து யாராவது குரல் கொடுத்தால், இருட்டுக்குள்ளிருந்து பதிலுக்கு ஒரு விசில் வரும்.

எவனோ ஒரு அவசரக்குடுக்கை அட்டையைக் கழற்றிப்போட்டு, உள்ளே இருந்த ஆள் நசுங்கிச் செத்த கதையை வீட்டில் நூறு தடவை சொல்லியிருப்பார். "மாட்டினவன்தான் கழட்டணும். சாமியே வந்தாலும் தொடக்கூடாது." மனைவிக்கு அது மனப்பாடம்.

அப்பேர்ப்பட்ட மனுஷனை ஒரு காலையில், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கவாதம் அடித்துப் போட்டது. வலது கையும் காலும் விழுந்தன, வாய் கோணிக்கொண்டது. பிசியோதெரபி செய்யும் பெண் கண்டிப்பாகச் சொன்னாள்: "முதல் மூணு மாசத்தை விட்டுடாதீங்கம்மா. கை திறக்கிறதும் திறக்காததும் அதுலதான் இருக்கு."

இரண்டு வாரம் ஒழுங்காகப் போயிற்று. அப்புறம் ஒருநாள் படுக்கையறைக் கதவின் கைப்பிடியில் அந்தச் சிவப்பு அட்டை தொங்கியது. குச்சியை ஊன்றி வந்து, இடது கையால் மாட்டியிருக்கிறார்.

வேறு வீடாயிருந்தால் பிய்த்து எறிந்திருப்பார்கள். இவளோ, மாட்டினவன்தான் கழட்டணும் என்று அதைத் தொடவேயில்லை. பயிற்சிக்கு வந்த பெண்ணை வாசலோடு திருப்பி அனுப்பினாள். தட்டையும் மாத்திரையையும் உள்ளே முக்காலியில் வைப்பாள், முகத்தைப் பார்க்காமல் திரும்பிவிடுவாள். சோறு பாதி அப்படியே வரும். 'பிடிவாதம் பிடிச்ச மனுஷன், அவராத்தான் வரணும்' என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஐந்து வாரம் ஓடிப்போனது. மூடிய விரல்கள் மூடியே இறுகின.

வீட்டில்தான் இருக்க முடியவில்லை. சுவருக்கு அப்பால் அடுக்குமாடியின் லிஃப்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் குழிக்குள்ளிருந்து அவருடைய விசில் கேட்டது. பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சுவரில் காதை வைப்பாள். ஒன்றும் இருக்காது. பக்கத்து அறையில் உயிரோடு இருக்கிறவர் சுவருக்குள் எப்படி விசிலடிப்பார்? தனக்குத்தான் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பயந்தாள்.

பார்க்க வந்த கம்பெனிக் கூட்டாளி ஒல்லி, அட்டையைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"இது எத்தனை நாளா தொங்குது அண்ணி?"

"அஞ்சு வாரமா. மாட்டினவருதானே கழட்டணும்?"

ஒல்லி தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ, பாதிச் சட்டத்தைச் சொல்லிட்டு மீதியை முழுங்கிட்டாரா? மூணு தடவை கூப்பிடணும் அண்ணி. விசில் வரலைன்னா அட்டையைப் பாக்காம உள்ள போய் ஆளைத் தூக்கியே ஆகணும்!"

அவள் கதவருகில் போனாள்.

"என்னங்க."

"என்னங்க..."

"என்னங்க!"

விசில் வரவில்லை. அட்டையை இழுத்தெறிந்து உள்ளே போனாள். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கோணிய உதடுகளைக் குவித்து ஊதிக்கொண்டிருந்தார். வெறும் காற்றுதான் வந்தது. தலையணை நனைந்திருந்தது.

"இது பிடிவாதமில்லம்மா, வியாதி" என்றார் டாக்டர். "பக்கவாதம் வந்தவங்கள்ல மூணுல ஒருத்தருக்கு மனசும் சேர்ந்து விழுந்துடும். மனசு எந்திரிக்காம கை எப்படி எந்திரிக்கும்?"

மாத்திரை கொடுத்தார்கள், பேசவைத்தார்கள், பயிற்சிக்காரப் பெண்ணும் திரும்பி வந்தாள். மாதக்கணக்கில் மல்லுக்கட்டியதில் மூன்று விரல் திறந்தது. மற்ற இரண்டும் திறக்கவேயில்லை. அந்த இரண்டும் தன் கணக்கு என்று அவளுக்குத் தெரியும். தினமும் அவற்றைத்தான் முதலில் நீவிவிடுவாள்.

அப்படி நீவும்போது ஒருநாள் கேட்டாள்: "அன்னிக்கு ஊதினீங்களே, அதுக்கு முன்னாடியும் ஊதிப் பாத்தீங்களா?"

அவர் மெல்ல, வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்.

"தினமும். நீ கூப்பிடற மாதிரியே... கேட்டுக்கிட்டு இருந்துச்சு."