வாசல் கொள்ளாத மேசை

பட்டறையக்காவுக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம் என்று தெருவில் சொல்வார்கள். கொஞ்சம் என்பது மரியாதைக்குச் சொல்வது. வீட்டு முன்னறையில் கிடந்த நாற்காலிகளை எல்லாம் உள்ளே தள்ளிவிட்டு, அங்கே இழைப்புளியும் உளியுமாகத் தச்சுப் பட்டறை போட்டவளை வேறு எப்படிச் சொல்வார்கள்? விருந்தாளி வந்தால் மரச்சீவலைத் தட்டிவிட்டுப் பலகை மேல் உட்கார வேண்டியதுதான். பிடிக்காதவர்கள் நின்றபடியே பேசிவிட்டுப் போகலாம்.

அதற்கு முன் அவள் வேலை பார்த்தது அண்ணனுடைய பட்டறையில். கல்யாணத்துக்கு முன்பும் பார்த்தாள், பின்பும் பார்த்தாள். அண்ணன் அறுப்பான், பொருத்துவான். இவள் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பாள். அங்கிருந்து போன மேசைகளில் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவருக்குப் பரிசே கொடுக்கலாம். ஒருநாள் அவள் வாயை அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"ஏண்ணே, மேசைக் காலை வெளிப்பக்கமாச் சாய்ச்சு வச்சா, உட்காருறவங்க முட்டி இடிக்காதுல்ல?"

"வாங்குறவன் கேட்டானா?"

"நான் கேக்குறேன்."

"நீ தேய்."

அன்று பொழுது சாயும்வரை தேய்த்தாள். மறுநாள் போகவில்லை. அதற்கப்புறம் எந்த நாளும் போகவில்லை.

சொந்தப் பட்டறைக்கு முதலில் ஸ்டூல், அலமாரி என்று சில்லறை வேலைகள்தான் வந்தன. எதையும் குறை வைக்காமல் செய்தாள். ஆனால் மனசுக்குள் கிடந்து அரித்தது அந்தச் சாய்ந்த கால் மேசைதான். அப்போதுதான் பக்கத்துத் தெருவில் வாசகசாலை நடத்தும் டீச்சர் வந்தார். "எல்லாரும் சுத்தி உட்கார்ந்து படிக்கிற மாதிரி பெரிய மேசை ஒண்ணு வேணும். எப்படி இருக்கணும்னு நீயே முடிவு பண்ணும்மா" என்றார். நீயே முடிவு பண்ணு என்று அவளிடம் அதுவரை ஒருவரும் சொன்னதில்லை. சந்தோஷத்தில் அன்று சாப்பாடே இறங்கவில்லை.

வாசகசாலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, படிக்கிறவர்களை விட்டுவிட்டு மேசைக்கு அடியில் அவர்கள் கால்களைப் பார்த்தாள். யார் நீட்டுகிறார்கள், யார் மடக்குகிறார்கள், யார் பக்கத்து ஆளை உதைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து, முன்னறைத் தரையில் சாக்கட்டியால் வரைந்தாள். நான்கு கால்களையும் நன்றாக வெளியே சாய்த்தாள். ஆணியும் இல்லை, திருகாணியும் இல்லை. ஒவ்வொரு காலின் முனையும் மேல்பலகையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். அதில் ஆப்பு அடித்து இறுக்கினாள். அப்படி இறுக்கியதை உடைக்கலாம், பிரிக்க முடியாது. தன் வேலையைப் பார்த்துத் தானே பூரித்துப்போனாள்.

லாரி வந்து நின்ற காலையில்தான் விஷயம் தெரிந்தது. சுமை தூக்குகிறவர்கள் நிமிர்த்திப் பார்த்தார்கள், படுக்க வைத்துப் பார்த்தார்கள், கவிழ்த்தும் பார்த்தார்கள். அகல விரித்த கால்களோடு மேசை வாசலுக்குள் நுழைய மாட்டேன் என்றது. பலகை பலகையாக உள்ளே வந்தது மேசையாக வெளியே போக வேண்டுமே என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அண்ணன் பட்டறைக்கு முன்சுவரே கிடையாது. அங்கே பழகிய புத்திக்கு வாசலை அளக்கத் தெரியவில்லை.

செய்தி அண்ணனுக்கு எட்டிவிட்டது. ரம்பத்தோடு வந்தான்.

"நடுவுல ரெண்டா அறுத்துடு. அங்க போய்க் கீல் போட்டுச் சேத்துக்கலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்ணே."

"தேய்க்கிறதோட நின்னிருந்தா இந்த வம்பு வந்திருக்குமா?"

வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது. தப்பு அவளுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் மேசை என்ன பாவம் செய்தது? இன்றைக்கு அதை அறுத்தால், இனி அவள் எதைச் செய்ய நினைத்தாலும் அண்ணனின் ரம்பம் முன்னால் வந்து நிற்கும். அதை நினைக்க நினைக்க ஆத்திரம் வந்தது.

முன்னறையில் வாசலைவிட அகலமான ஜன்னல் ஒன்று உண்டு. அதன் கீழே இடுப்புயரச் சுவர். லீவு நாட்களில் அவளும் கணவரும் தங்கள் கையாலேயே செங்கல் வைத்துக் கட்டியது. அவள் கணவரைத் தனியே கூப்பிட்டாள்.

"என்னங்க, ஜன்னலைக் கழட்டிட்டு, கீழ இருக்குற சுவரை எடுத்துட்டா மேசை போயிடும்."

அவர் பஸ் டிரைவர். எந்தச் சந்தில் எது நுழையும் என்பதைக் கண்ணாலேயே அளப்பவர். "போகும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வீடு என்னோடதும்தான்" என்றார்.

"அதனாலதான் கேக்குறேன். இல்லேன்னா இந்நேரம் இடிச்சிருப்பேன்."

"மழை வந்தா?"

"நனைவோம்."

"திருடன் வந்தா?"

"வந்து எதை எடுப்பான்? மரத்தூளையா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கொல்லைப்பக்கம் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார்.

அண்ணன் பதறிப்போனான். "ரெண்டு பேருக்கும் புத்தி பேதலிச்சுப் போச்சா? மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவாங்களா?"

"வீடும் எங்களோடது, மூட்டைப்பூச்சியும் எங்களோடது. நீ கொஞ்சம் தள்ளி நில்லுண்ணே, செங்கல் காலுல விழுந்துடும்."

முதல் அடியை அவளே அடித்தாள். தானே வைத்த செங்கல் பெயர்ந்து விழுந்தபோது நெஞ்சு பதறத்தான் செய்தது. கை நிற்கவில்லை. ஜன்னலை அவர் பெயர்த்தார். சுவரை இருவருமாகத் தரைமட்டம் ஆக்கினார்கள். பிறகு மேசையைப் பக்கவாட்டில் சாய்த்துத் தூக்கினார்கள். "ரைட்டு, ரைட்டு, லேசா லெஃப்ட்ல ஒடி" என்று அவர் குரல் கொடுக்க, ஒரு கீறல் இல்லாமல் அது தெருவுக்கு வந்து சேர்ந்தது.

வெயிலில் நான்கு காலையும் ஊன்றி நின்ற மேசையை அவள் அப்போதுதான் முழுசாகப் பார்த்தாள். முன்னறையில் தள்ளி நின்று பார்க்க இடம் ஏது? நன்றாகத்தான் இருந்தது. ரொம்பவே நன்றாக இருந்தது. யாராவது சொல்லட்டும் என்று காத்திராமல், "நல்லா இருக்கு" என்று அவளே சத்தமாகச் சொல்லிக்கொண்டாள்.

அண்ணன் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். காலும் பலகையும் சேரும் இடத்தில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தான். லாரி போனதும் சுவர் இருந்த இடத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"சரி, ஆனது ஆச்சு. கொத்தனாரை அனுப்புறேன், அடைச்சிடலாம்."

"எதுக்கு அடைக்கணும்? கதவு போடப்போறேன்."

"இவ்வளவு பெரிய கதவா? வீட்டுக்கு எதுக்குடி?"

"அடுத்த மேசை இதைவிடப் பெருசுண்ணே."