அலி யார்?

சிவபாதசுந்தரம் கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் கந்தோரில் கிளாக்கர். அவர் குரலை உயர்த்தி அங்கே யாரும் கேட்டதில்லை. குடியிருந்தது வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், மேல்மாடியில். கௌரியைக் கட்டிப் பத்து வருடத்துக்கு மேல். பிள்ளை இல்லை.

தொண்ணூற்றாறில் மச்சான் ஒருவர் மனைவியோடு மலேசியாவிலிருந்து வந்தபோது ஒரு வேரைக் கொடுத்தார். மஞ்சள் பாரித்த துண்டுகள். காய்ச்சிக் குடித்தால் ஆண்மைக்கு நல்லது, மலாய்க்காரர் தொங்காட் அலி என்பார்கள் என்றார். பெயரின் பின்பாதி சிவபாதசுந்தரத்துக்குப் பிடிக்கவில்லை. கௌரியிடம் சீனி வருத்தத்துக்கு என்றார். அவள் காய்ச்சிக் கொடுத்தாள். வேப்பிலையைவிடக் கசந்தது. முகம் சுழிக்காமல் குடித்தார்.

நகரில் குண்டு வெடித்த வாரம் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். பொலிஸ் அதிகாரி குசினியில் வேர்ப் பொட்டலத்தை எடுத்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"மேக்க மொக்கத்த?"

"பெஹெத்."

மருந்து என்றுதான் சொன்னார். ஆனால் மருந்து என்றால் இரண்டு மொழியிலும் வெடிக்கிற மருந்தும்தான். எதற்கு மருந்து என்று அதிகாரி கேட்டார். அயலவர்கள் படியில் நின்றார்கள். சிவபாதசுந்தரம் பெயரை மட்டும் சொன்னார்.

"தொங்காட் அலி."

"அலி கவுத?"

அலி யார், எங்கே இருக்கிறான், எப்போது கொடுத்தான்? அவர் வாயைத் திறக்கவில்லை. ஜீப்பில் ஏற்றினார்கள்.

கௌரிக்குச் சிங்களம் தெரியாது. கீழ்வீட்டு ஸ்ரனிஸ்லாஸ் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன், சிங்களம் நன்றாகப் பேசுவான். அவனைக் கூட்டிக்கொண்டு பொலிசுக்குப் போனாள்.

"அலி ஆளில்லை எண்டு சொல்லுங்கோ தம்பி. அது வேர்."

"என்னத்துக்கு எண்டு கேக்கிறாங்கள், அக்கா."

அவள் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள். ஸ்ரனிஸ்லாஸ் ஒருமுறை இருமிவிட்டுச் சிங்களத்தில் சொன்னான். மேசைக்கு மேசை சிரிப்புப் பரவியது. பின்னேரம் விட்டார்கள். அதிகாரி வேரில் பாதியைத் தனக்கு எடுத்துக்கொண்டார்.

ஸ்ரனிஸ்லாஸ் சந்திக் கடையில் நின்றான்.

"அலி ஆரெண்டு கேட்டுத்தான் கொண்டு போனவங்கள். ஆளை வடிவாப் பாத்திட்டு, இவர்தான் எண்டு விட்டிட்டாங்கள்."

கடை முழுதும் சிரித்தது. சிவபாதசுந்தரம் அப்போதுதான் கடையைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்.

வீட்டில் கேட்டார்:

"உனக்கு ஆர் சொன்னது?"

"மச்சான்ர மனிசி. வந்த அண்டைக்கே."

"தெரிஞ்சுகொண்டே காய்ச்சித் தந்தனீ?"

"ஓம்."

"அவனுக்கு முன்னால ஏன் சொன்னனீ?"

"சொல்லாட்டிப் பூசா தடுப்பு முகாமுக்கு அனுப்பியிருப்பாங்கள்."

"போயிருப்பன்."

ஒழுங்கையில் அவருக்கு அலி என்று பெயர் விழுந்தது. இருவரும் கிருலப்பனைக்கு வீடு மாறினார்கள். அங்கே அவரை யாரும் அந்தப் பெயரால் அழைக்கவில்லை. ஆனால் கௌரிக்குத் தெரியும். தேவைக்கு மட்டும் அவளோடு கதைத்தார். சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்த வருடம், அங்கே தாயோடு போய் இருக்கிறேன் என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

"நேரத்துக்குச் சாப்பிடுங்கோ."

"ஓம்."

பஸ் புறப்படுமுன்பே அவர் றோட்டைக் கடந்துவிட்டார்.